‘திறந்தாச்சு’ என்று சொன்ன நிரல்

அந்த அலுவலகத்துக்கு நான் போனது மூன்று வார வேலைக்கு. அதற்கு முன் எங்கள் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் சோதனைக் கருவிகளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு புதன்கிழமை காலை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அந்த வாசலில் நான் நின்றதே இல்லை என்பதுதான் முதலில் தோன்றியது. வயது நாற்பத்தொன்று.

வீட்டில் இருக்க முடியவில்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. கணவர் வேலைக்குக் கிளம்பியதும் அலமாரியைக் கலைத்து மறுபடி அடுக்குவேன். முடிந்ததும் பசாருக்கு இறங்குவேன். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு ஏறுவேன். மத்தியானம் மறுபடி இறங்குவேன். நடுநடுவே கைப்பேசியை எடுத்து மின்னஞ்சல் பார்ப்பேன். சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் முதல் நேர்காணல் முடிந்திருந்தது. இரண்டாவதற்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் கணவர் குளிர்பெட்டியைத் திறந்து ஆறு பொட்டலம் கறிவேப்பிலையைப் பார்த்தார். மறுநாள் தெரிந்தவர் ஒருவரிடம் பேசி இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் அந்த அலுவலகம். சென்னையிலிருந்து கப்பலில் வரும் சரக்கைத் துறைமுகத்தில் எடுத்துக் கடைகளுக்கு அனுப்பும் தொழில். எட்டுக் கணினிகள். பழைய இயங்குதளத்துக்குப் புதுப்பிப்பு வருவது நின்றுபோனதால் எல்லாவற்றிலும் இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டுத் தரச் சொன்னார் முதலாளி. ஐம்பது தாண்டியவர், மெதுவாகப் பேசுபவர், சட்டைக் கையை மடிக்காதவர். ஏழு கணினிகளை நான்கு நாளில் முடித்துவிட்டேன். எட்டாவது, ஜன்னலோர மேசையில் போன் எடுக்கும் அக்காவுடையது.

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆயர் ஈத்தாமிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கொம்தாரில் இறங்கி, கைத்தடியோடு நடந்து வருவார். பதினேழு வருடமாக அந்த மேசை அவருடையது. எந்தக் கடைக்காரர் போன் செய்தாலும் ‘ஹலோ’ முடிவதற்குள் யாரென்று சொல்லிவிடுவார். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்துக் கணினியையும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் ஓட்டியது பழைய இயங்குதளத்தை. எதையும் பெயரால் தேடியதில்லை, எண்ணிக்கையால் போவார். கீழ் அம்பு பதினொரு தரம், பிறகு எண்டர், கடிதம் திறக்கும். பதினான்கு தரம் என்றால் சரக்குப் பட்டியல்.

நான் போட்டுக் கொடுத்த புதிய இயங்குதளத்தில் பட்டியலின் வரிசையே வேறு. பதினொரு தரம் அம்பை அழுத்தினால் படம் வரையும் மென்பொருள் திறந்தது. முதல் நாள் காலை முழுவதும் அவர் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேசை ஆடுதுமா” என்றார்.

என் முழங்கால்தான். மேசைக் காலில் இடித்து ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன்.

“இது என் கம்ப்யூட்டர் இல்ல லா தங்கச்சி. யாரோ வீட்டுக்குள்ள வந்து நாற்காலியெல்லாம் மாத்திப் போட்ட மாதிரி இருக்கு.”

மத்தியானம் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். “பார்த்துச் செய்யுங்கம்மா. ரொம்ப சூசாவா இருந்தா விடுங்க, அவங்க போன் மட்டும் எடுக்கட்டும்.”

சூசா என்றால் சிரமம். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நான்கு நாளில் நானே பார்த்திருந்தேன். போன் மணி காலையில் பத்து தரம் அடித்தால் அதிகம். கடைக்காரர்கள் எல்லாரும் குழுச் செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் மாறியிருந்தார்கள். போன் மட்டும் எடுப்பதென்றால் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த மாதம் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. அக்காவுக்குத் தனியாக ஒரு நிரல் எழுதித் தருகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கேட்காததை நான் ஏற்றுக்கொண்டதற்குக் கருணை பாதிதான் காரணம். மீதி, சும்மா இருக்க முடியாத என் கைகள்.

நான் எழுத நினைத்தது எளிய சங்கதி. விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் அவருக்கு வேண்டிய மென்பொருள்களின் பட்டியல் மட்டும் வரும். அம்பை அழுத்த அழுத்த ஒவ்வொன்றின் பெயரையும் குரல் சொல்லும். எண்டர் தட்டினால் அது திறக்கும். வரிசை எப்போதும் மாறாது.

ஒரு மென்பொருளைக் கணினியில் நிறுவும்போது அதோடு ஒரு சின்னக் கோப்பும் வந்து உட்காரும். பத்துப் பதினைந்து வரி இருக்கும். மென்பொருளின் பெயர், அது என்ன செய்யும் என்று ஒரு வரி விளக்கம், அதன் படம் இருக்கும் இடம், அதைத் திறப்பதற்கான கட்டளை. நாம் திரையில் பார்க்கும் பட்டியல் எல்லாம் இந்தக் கோப்புகளைப் படித்துச் செய்ததுதான். என் நிரலும் அவற்றைத்தான் படித்தது. அக்காவின் கணினியில் நூற்றுக்கு மேல் இருந்தன. பாதிக்கு மேல் மனிதர்களுக்குக் காட்டவேண்டாம் என்று குறி போட்டவை, கணினி தனக்குத்தானே வைத்துக்கொண்டவை. அவற்றை வடிகட்டி, மீதியிலிருந்து பன்னிரண்டைப் பொறுக்கினேன். சிலவற்றுக்குத் தமிழ்ப் பெயரும் விளக்கமும் ஏற்கனவே இருந்தன. மகிழ்ச்சியோடு அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன்.

‘எண் தரவுகளை அட்டவணைகளில் உள்ளிட்டுப் பகுப்பாய்வு செய்யவும்’ என்றது குரல்.

அக்கா அதை மறுபடி ஒரு தரம் சொல்லவைத்துக் கேட்டார். “இதை யாரு எழுதுனா?”

“யாரோ தன்னார்வலர்கள்கா. சும்மா மொழிபெயர்த்துக் கொடுத்திருக்காங்க.”

“நல்ல மனசு. ஆனா ஆப்பீஸ்ல உக்காந்தவங்க இல்ல. அது என்னா, கட்டம் கட்டமா இருக்குமே, அதுதானே?”

“அதேதான்.”

“அப்ப ‘கட்டம்’னு போடு. போதும்.”

இரண்டு நாள் இப்படிப் போனது. நான் ஒவ்வொரு மென்பொருளும் என்ன செய்யும் என்று சொல்வேன். அவர் பெயர் சொல்வார். இணைய உலாவிக்கு ‘வெளியே’. கணிப்பானுக்கு ‘கணக்குப்பிள்ளை’. கப்பல் வருகை பார்க்கும் பக்கத்துக்கு, படகுத்துறையை நினைத்து, ‘ஜெட்டி’. அலுவலகக் குழுச் செய்திக்கு, முதலாளி முதல் லோரி ஓட்டுநர்கள்வரை எல்லாரும் இருக்கும் அந்தக் குழுவுக்கு, ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘கூச்சல்’ என்றார். எதிர் மேசையில் பில் போடும் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

குறிப்பெழுதும் சாதாரண மென்பொருள் ஒன்று இருந்தது. வெறும் எழுத்து, வேறு எதுவும் கிடையாது. அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

“அது எனக்கு ரொம்ப வேணும்” என்றார். “யார்கிட்டயாவது பெரிய விசயம் பேசணும்னா முதல்ல எழுதிப் பார்ப்பேன். எழுதி, படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, அழிச்சிருவேன். அதுக்கு ‘எனக்கு மட்டும்’னு போடு.”

பட்டியலைச் சொல்லும் வேகம் போதாது, இன்னும் வேகம் என்றார். ஏற்றினேன். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில்தான் அவருக்குத் திருப்தி வந்தது. பழக்கமானதால், தட்டும் எழுத்தைக் குரல் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்வதையும் நிறுத்திவைத்திருந்தார். எண்டர் தட்டியபின் மென்பொருள் வருவதற்குள் ஒரு சின்ன மௌனம் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

“தட்டினேன், என்ன ஆச்சுன்னு தெரியல. உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு தெரியாம கதவுகிட்ட நிக்கிற மாதிரி இருக்கு. ஏதாவது சொல்லச் சொல்லு.”

“என்ன சொல்லணும்?”

“திறந்தாச்சுன்னு சொல்லட்டும்.”

இந்த இடத்தை நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நிரலிலிருந்து ஒரு மென்பொருளைத் திறக்கும்போது நாம் செய்வது, கட்டளையை இயங்குதளத்திடம் கொடுப்பது மட்டும்தான். ‘சரி, பிழை இல்லை’ என்று உடனே பதில் வந்துவிடும். அந்தப் பதிலுக்குப் பொருள், கிளம்பிவிட்டது என்பதுதான். வந்து சேர்ந்தது என்பதல்ல. அதன் சன்னல் திரையில் வந்து நின்றதா, தட்டும் எழுத்து அதற்குள் போகிறதா என்பதைத் தனியே காத்திருந்து பார்க்கவேண்டும். எனக்கு அது தெரியும். பதினாறு வருடம் கருவிகளோடு இருந்தவளுக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் அன்று மூன்று மணிக்குச் சிங்கப்பூர்க்காரர்களுடன் இரண்டாவது நேர்காணல். வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் உட்காரவேண்டும். சோதித்துப் பார்த்தபோது எல்லாம் ஒரு நொடிக்குள் திறந்தன. ‘சரி’ என்ற பதில் வந்ததும் ‘திறந்தாச்சு’ என்று சொல்லும்படி ஒரே ஒரு வரி எழுதினேன். முறையாகச் செய்வதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

நேர்காணல் நன்றாகப் போனதாகத்தான் பட்டது.

அடுத்த சில நாள் அக்காவைப் பார்க்கவே உற்சாகமாக இருந்தது. விசை, இரண்டு அம்பு, எண்டர், ‘திறந்தாச்சு’. கடைக்காரர்களுக்கு மின்னஞ்சலில் அவரே பதில் போட்டார். குழுவில் லோரி ஓட்டுநர்களை விரட்டினார். முதலாளி ஒரு நாள் அவர் மேசைக்கருகே வந்து நின்று, என்னைப் பார்த்து, “அவங்களுக்குப் பழகிருச்சாம்மா?” என்று கேட்டார். “பழகிருச்சு” என்றேன் நான். அக்கா போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. காலையில் வந்ததும் எட்டுக் கணினிகளிலும் காப்புப் பிரதி எடுக்கும் வேலையை ஓடவிட்டேன். அது கணினியை மந்தமாக்கும் என்று தெரியும். யாரும் பெரிதாக எதுவும் செய்யாத நேரம் என்று நினைத்துக்கொண்டேன். சிங்கப்பூரிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு சமயம் அறையில் இருந்த எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாக ஒலித்தன. என்னுடையதும்தான், என்னையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தார்கள். நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி எல்லாம் ஒன்றாக ஒலித்தன. பில் போடும் பெண் எடுத்துப் பார்த்துவிட்டு மெல்ல நிமிர்ந்தாள். மூன்றாம் முறை ஒலித்தபோது நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரல் எண்டர் விசையின்மேல் இருந்தது. விசையிலிருந்து விரலை எடுக்காமல், அறையின் ஒலிகளைக் கேட்டபடி, தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் எண்டர் தட்டும்போதெல்லாம் எங்கள் கைப்பேசிகள் ஒலிக்கின்றன.

என் கைப்பேசியை எடுத்தேன். ஆங்கில எழுத்தில் தமிழாக மூன்று செய்திகள்.

‘ஹோட்டல் இண்டர்வியூல சொல்ல வேண்டியது.’

‘பதினேழு வருசமா இங்க போன் எடுக்கிறேன். முதலாளி நல்லவரு, ஆனா என்கிட்ட கேக்க வேண்டியத பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட கேப்பாரு. அவங்க சாப்பிட்டாங்களா, அவங்களுக்கு சரியா இருக்கான்னு.’

‘இங்கயே இருந்தா நானும் மேசை நாற்காலி மாதிரி ஆயிருவேன்.’

நடந்தது இதுதான். குழுச் செய்தியைத் திறந்துவைத்திருந்தவர், ‘எனக்கு மட்டும்’ வேண்டுமென்று எண்டர் தட்டியிருக்கிறார். கணினி மந்தமாக இருந்ததால் அது வரவில்லை. என் பட்டியல் மறைந்ததும் பழைய சன்னலே முன்னால் வந்து நின்றது. திரையை வாசிக்கும் மென்பொருள் அதன் பெயரைச் சொல்லத்தான் முயன்றிருக்கும். அதை என் நிரலின் ‘திறந்தாச்சு’ அமுக்கிவிட்டது. அவர் நம்பித் தட்டினார்; ஒவ்வொரு எண்டருக்கும் ஒரு வரி குழுவுக்குப் போனது.

முதலாளியின் கண்ணாடி அறைக்குள் அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வெளியே வரவில்லை.

பில் போடும் பெண் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “பாவம், கண்ணு தெரியாதவங்க. தப்பா தட்டிட்டாங்க.”

“ஆமா, பாவம்” என்றார் இன்னொருவர்.

நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அக்கா தலையில் மாட்டியிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். தேடியது கிடைத்தும் தேடிக்கொண்டே இருந்தார்.

நான் என் இடத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திருத்தினேன். அரை மணி நேர வேலை. அரை மணி நேரம்தான். இனி எண்டர் தட்டியதும் ‘திறக்குது’ என்று சொல்லும். சன்னல் வந்து நின்று, எழுத்து அதற்குள் போகும் என்று உறுதியான பிறகுதான் ‘திறந்தாச்சு’ சொல்லும். அக்கா கீழே சாப்பிடப் போயிருந்தபோது அவர் கணினியில் அதைப் போட்டேன். யாரும் கவனிக்கவில்லை. இதோடு தீர்ந்தது என்று என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, விசையை அழுத்தி எண்டர் தட்டினார். கை நின்றது. திறந்ததை மூடிவிட்டு மறுபடி தட்டினார்.

“தங்கச்சி.”

“அக்கா.”

“காலையில வரைக்கும் ‘திறந்தாச்சு’ன்னு மட்டும்தானே சொல்லிச்சு? இப்ப ‘திறக்குது’ன்னு புதுசா ஒண்ணு சொல்லுது. ஏன்?”

“அது... அப்டேட்கா” என்றேன்.

“ம்” என்றார். அதன்பின் அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை.

சனிக்கிழமை அலுவலகம் இல்லை. காலையில் கணவர் கடைக்குப் பசியாறக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். ரொட்டி வருவதற்குள் எழுந்துவிட்டேன். “எங்கே?” என்றார். தெரியவில்லை என்றேன். ஆயர் ஈத்தாம் பஸ் வந்தது, ஏறினேன். சந்தையருகே இறங்கினேன். பின்னாலிருக்கும் அடுக்குமாடியில்தான் அக்கா தன் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார் என்று தெரியும், எந்த மாடி என்று தெரியாது. ஒவ்வொரு மாடியாக, காயப்போட்ட துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைப்பேசியில் எண் இருந்தது. அழைக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அன்று சந்தைக்குள்ளேகூடப் போகவில்லை, நிறுத்தத்திலேயே சாலையைக் கடந்து எதிர்ப்பக்கப் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் பயந்தது எதற்கு என்று அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். திட்டுவார் என்பதற்கில்லை. முதலாளி மூன்று வார வேலையை இரண்டு வாரத்தில் முடித்து அனுப்பிவிட்டால், அந்தத் தெரிந்தவர் கணவரிடம் சொல்வார். சிங்கப்பூர்க்காரர்கள் விசாரித்தால் இவர்களிடமும் கேட்கக்கூடும். வேலை போனவள் என்பதோடு, வேலை தெரியாதவள் என்றும் ஆகிவிடும். இவ்வளவுதான். இதற்காக ஒருவரை எல்லார் முன்னும் ‘பாவம்’ ஆக விட்டிருந்தேன்.

திங்கட்கிழமை முன்னதாகவே போய் மாடிப்படியின் கீழே நின்றேன். கைத்தடிச் சத்தம் கேட்டது. நான் பேசுவதற்கு முன்பே, “என்னா, படியில நிக்கிறே?” என்றார்.

“அக்கா, வெள்ளிக்கிழமை நடந்தது உங்க தப்பு இல்ல. என் நிரலோட தப்பு. திறக்கறதுக்கு முன்னாலயே திறந்தாச்சுன்னு சொல்லிருச்சு. நான்தான் அப்படி எழுதினேன். அவசரத்துல. அப்புறம் உங்களுக்குத் தெரியாம திருத்தினேன்.”

“தெரியும்” என்றார்.

“எப்போ?”

“நீ ‘அப்டேட்’னு சொன்னப்ப. பதினேழு வருசம் போன்ல ஆளுங்க பொய் சொல்றதக் கேட்டிருக்கேன் தங்கச்சி. லோரி பாலத்துல மாட்டிக்கிச்சுன்னு சொல்றவன் குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மெஷின் தப்பு பண்ணும். நீ தப்பு பண்ணலாம். எனக்குக் கோபம் அது இல்ல” என்றார். “எல்லாரும் பாவம் பாவம்னு சொன்னாங்க இல்ல? அப்ப நீ எங்கயும் போகல. நாள் பூரா நடந்துக்கிட்டே இருக்கிற ஆளு நீ. அந்த நேரத்துக்குப் பார்த்து உன் செருப்பு சத்தம் நின்னுபோச்சு.”

“என்னக்கா செய்யணும்?”

“நான் எங்க தப்பா எழுதினேனோ, அங்கேயே நீ எழுது.”

மேலே போனோம். எல்லாரும் வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு கைப்பேசியை எடுத்துக் குழுவில் எழுதினேன்: ‘வெள்ளிக்கிழமை அக்கா தவறாகத் தட்டவில்லை. நான் எழுதிய நிரல் தவறான தகவல் சொன்னது. பிழை முழுக்க என்னுடையது. அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.’ அனுப்பினேன். அறை முழுக்க ஒலித்தது. பில் போடும் பெண் படித்துவிட்டு என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். துறைமுகத்திலிருந்த ஓட்டுநர் ஒருவர் கட்டைவிரல் போட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் நிரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசைமேல் கைப்பேசி கிடந்தது, திரையில் வெள்ளிக்கிழமைச் செய்தி.

“ஏம்மா, நான் அப்படியா கேட்கிறேன்?” என்றார்.

“எப்படி?”

“அவங்கள விட்டுட்டு, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட.”

போன வாரம்தான் என்னிடம் கேட்டார். அதைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வெள்ளிக்கிழமை காலை வாய் மூடி நின்றதே போதும் என்று தோன்றியது. “ஆமாங்க” என்றேன். “போன வாரம் என்கிட்ட கேட்டீங்க, பழகிருச்சான்னு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். மத்தியானம் அக்காவின் மேசைக்கு வந்தார். என்னைப் பார்த்து “அவங்க” என்று தொடங்கி, நிறுத்தி, திரும்பினார். “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று அக்காவிடம் கேட்டார். மூன்றாவது மாடிக்குக் கேட்கும் குரலில்.

“சாப்பிட்டேன் முதலாளி. எனக்குக் காது நல்லாக் கேக்கும்” என்றார் அக்கா.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. முதலாளிதான் முதலில் சிரித்தார், அதுவும் சரியாக வரவில்லை.

அக்கா அந்த வாரமே நேர்காணலுக்குப் போனார். கடலோரத்தில் ஒரு பெரிய ஹோட்டல், முன்பதிவுப் பிரிவில் போனிலும் கணினியிலும் வேலை. முதலாளி காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாராம். பஸ் இருக்கிறது என்றாராம் இவர். வேலை கிடைத்தது. முதலாளி இருக்கச் சொல்லிக் கேட்டார், இம்முறை நேராக அவரிடமே கேட்டார். இரண்டு மாதம் இருந்து வேறொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா சொன்னார், அப்படியே செய்தார்.

எனக்கும் பதில் வந்தது. சிங்கப்பூரில் வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். கொம்தாரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த மின்னஞ்சலைப் படித்தேன். ஒரு மாதமாக எதற்கு ஓடிக்கொண்டிருந்தேனோ அது இரண்டு வரியில் முடிந்துவிட்டது. வருத்தம் அன்று வரவில்லை. ஒரு வாரம் கழித்து, துணி மடிக்கும்போது வந்தது. கணவரிடம் சொன்னேன். “சரி, இங்கேயே பார்ப்போம்” என்றார். இப்போது இப்படித்தான் பார்க்கிறேன். ஒரு கிளினிக்கில் ஒரு மாதம், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இரண்டு வாரம் என்று இடம் மாறி மாறி வேலை. உட்கார்ந்து பழகுவதற்குள் முடிந்துவிடும்.

அக்காவின் கடைசி நாளன்று என்னைக் கூப்பிட்டிருந்தார். அவருக்காகச் செய்த பட்டியலைக் கணினியிலிருந்து எடுக்கச் சொன்னார். “இருக்கட்டுமேக்கா, வர்றவங்களுக்கு உதவும்” என்றேன்.

“அது நான் வச்ச பேரு. வர்றவங்க அவங்க பேரை வச்சுக்கட்டும்.”

பன்னிரண்டு கோப்புகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ‘கட்டம்’, ‘ஜெட்டி’, ‘வெளியே’. ‘எனக்கு மட்டும்’ வந்தபோது, உள்ளே ஏதாவது எழுதிவைத்திருக்கிறாரா, பிரதி எடுக்கவா என்று கேட்டேன். அதில் எப்போதுமே எதையும் வைத்ததில்லை என்றார்.

ஹோட்டலில் சேர்ந்து மூன்று வாரம் கழித்துப் போன் செய்தார். அங்கே உள்ள மென்பொருள் எதைத் திறந்தாலும் ‘ஏற்றப்படுகிறது, ஏற்றப்படுகிறது’ என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறதாம், திறந்த பிறகும் நிறுத்துவதில்லையாம். வாடிக்கையாளர் பேசுவது காதில் விழவில்லை. நான் வந்து பார்க்க முடியுமா என்றார். அங்கே வெளியாட்களைக் கணினிக்கருகே விடமாட்டார்கள். அதனால் அவர் என்ன கேட்கவேண்டும் என்று போனிலேயே சொன்னேன். எந்த இடத்தில் எந்த அறிவிப்பை நிறுத்தச் சொல்லவேண்டும், அது முடியாது என்று சொன்னால் திரும்ப என்ன கேட்கவேண்டும் என்று. அவர் எழுதிக்கொண்டார். கணினிப் பிரிவுக்கு நான்கு தரம் எழுதினாராம். நான்காவது தரம் அவர்களுடைய மேலதிகாரிக்கும் சேர்த்து.

போன வாரம் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது மறுபடி அழைத்தார். சரிசெய்துவிட்டார்கள்.

“நல்லதுக்கா. இப்ப என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல. பேசாம திறக்குது. அதுவும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “இரு, வேற லைன்ல ஆள் காத்துக்கிட்டிருக்காங்க” என்று வைத்துவிட்டார்.

பேச்சில் என் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது வர இருபது நிமிடம் ஆகும். நிற்க மனம் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடந்தேன்.